நிழலுக்குப் பட்டா

ஏப்ரல் பிறந்தால் திருச்சிப் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ‘திருச்சியில் வெயில் சதம்’, ‘நான்காவது நாளாகச் சதமடித்த வெயில்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதற்குச் சூரியன் மட்டையைத் தூக்கிக் காட்டாததுதான் குறை. ஆட்டம் என்றால் எதிரணி என்று ஒன்று இருக்க வேண்டுமே? அது யாரென்று எந்தச் செய்தியிலும் இல்லை. அந்த அணி பால்பண்ணை வெங்காய மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. அரியமங்கலத்தில் குப்பை பிரித்துக்கொண்டிருக்கிறது. துவாக்குடிப் பக்கம் தகரக் கொட்டகைக்குள் வெல்டிங் பொறிக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. காலையிலிருந்து பந்து பொறுக்குகிற அணி அது. மட்டை அதன் கைக்கு வந்ததே இல்லை.

இந்த ஊரில் வெயில் புறம்போக்கு. யாரும் அனுபவிக்கலாம், தீர்வை கிடையாது. நிழலுக்குத்தான் பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம். கண்டோன்மென்ட் பங்களாக்களின் மர நிழல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கிரயமாகிவிட்டது. தில்லைநகரில் குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு இயந்திரம் வைத்து நிழலைத் தயாரித்துக்கொள்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கிப்போட்ட அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், ஏ.சி.யை 22-இல் வைத்துக்கொண்டு, பூமி சூடாவது பற்றி நாளிதழ் வாசித்து வருத்தப்படுகிறார்கள். அறைக்குள்ளிருந்த சூட்டை அந்தப் பெட்டி எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? தெருவில்தான். கீழே தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவருக்குத் தலைக்கு மேலே சூரியன், கையில் கரிப்பெட்டி, முதுகில் அந்த ஏ.சி.யின் மூச்சு. இந்த மூன்றாவது சூட்டுக்கு அவரிடம் மாதச் சந்தா எதுவும் வாங்குவதில்லை என்பது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெருந்தன்மை.

பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை பொதுமக்கள் வெளியே வர வேண்டாம் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. நல்ல யோசனை. அந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டுகிறவர் மட்டும் பகல் ஒரு மணிக்கு வெளியே நின்று ஒட்டுகிறார். பருத்தி ஆடை உடுத்துங்கள் என்கிறது அதே தாள். தூய்மைப் பணியாளருக்குச் சட்டைக்கு மேலே மாட்டிவிடும் பளபளப்பு மேலங்கி என்ன துணி என்று, அதை எழுதியவர் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். இளநீர் அருந்துங்கள் என்கிறது. தினம் இரண்டு இளநீர் குடித்தால் கூலியில் மிச்சமிருப்பது மட்டைதான்.

அடிக்கடி தண்ணீர் குடியுங்கள் என்பதை என்.எஸ்.பி. சாலையில் தரையில் கடை விரித்திருக்கும் அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். குடித்தால் போக வேண்டும். போவதற்கு இடம் தேட வேண்டும். தேடிப் போனால் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். திரும்பி வருவதற்குள் சரக்கை லாரியில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் காலையிலிருந்து நாக்கை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார். சிறுநீரகம் கெட்டால் அதற்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. கழிப்பறை கட்டுவதைவிட அட்டை அடிப்பது சுலபம், அதில் படமும் போடலாம்.

கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நீர்மோர்ப் பந்தல் திறக்கிறார்கள். மாவட்டச் செயலாளர் தலைமையில், பகுதிச் செயலாளர் முன்னிலையில், முதலில் ரிப்பனும் பிறகு தர்பூசணியும் வெட்டப்படும். மோருக்கு ஆன செலவைவிட ஃப்ளெக்ஸுக்கு ஆன செலவு அதிகம். முதல் நாள் வெள்ளரிப் பிஞ்சு, முலாம்பழச் சாறு. மூன்றாம் நாள் மண்பானைக்குள் பல்லி. ஃப்ளெக்ஸ் மட்டும் அடுத்த தேர்தல் வரை நிற்கும். நியாயமாகப் பேசினால், சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஏழைகளுக்குக் கிடைக்கிற நம்பகமான நிழல், தலைவர்களின் முகத்துக்குப் பின்னால் விழுகிறதுதான். ஆடுகள் இதைப் புரிந்துகொண்டு கட்சி பேதம் பாராமல் படுத்திருக்கின்றன.

2024 கோடையில் நம் நகரங்களில் சிக்னல்களுக்கு மேலே பச்சை வலை கட்டினார்கள். இருசக்கர வாகனத்தில் போகிறவர் சிவப்பு விளக்குக்கு நிற்கும் ஒரு நிமிடத்தில் வாடிவிடக் கூடாதல்லவா. அதே சாலையை எட்டு மணி நேரம் கூட்டுகிறவருக்கு வலை இல்லை. அவரிடம் வண்டி இல்லை, அதனால் சிக்னலில் நிற்கும் தகுதியும் இல்லை. திருவானைக்கா கோயில் யானை அகிலாவுக்குக் குளிக்கக் குளம் கட்டினார்கள். அதில் அது புரளும் காணொளியைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். யானையை இந்தத் தகராறில் இழுக்க மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டுத் தூய்மைப் பணியாளர் சங்கங்கள் ஓய்வறை, உடை மாற்ற ஓர் அறை என்று கோரிக்கைப் பட்டியலில் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டன. அந்தப் பணிக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் எடுக்கிறோம் என்பது ஊருக்குத் தெரியும். அதனால்தான் அந்த அறைக்கு அவசரம் இல்லை.

இதற்கு நடுவே, 2024 அக்டோபரில், தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆணையைக் குறை சொல்ல மாட்டேன். பல மாநிலங்கள் இந்த அளவுக்குக்கூட வரவில்லை. சிக்கல் பிணத்திடம் இருக்கிறது. தான் வெயிலில்தான் செத்தேன் என்று அது நிரூபிக்க வேண்டும். ஐம்பது வயதுச் சுமைதூக்கும் தொழிலாளி மூட்டையோடு சரிந்தால் மாரடைப்பு என்று எழுதுவார்கள். இரண்டு நாள் கழித்துச் செத்தால் சிறுநீரகச் செயலிழப்பு. வீட்டுக்கு வந்து படுத்தவர் விடிந்து எழுந்திருக்கவில்லை என்றால், ‘குடிப்பாரா?’ என்பது முதல் கேள்வி. சூரியனே நேரில் வந்து பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, கோபுர முத்திரையும் குத்திக்கொடுத்தால் ஒருவேளை கோப்பு நகரும்.

சாவுக்காவது ஒரு படிவம் இருக்கிறது. பிறக்காமலே போனவர்களுக்கு அதுவும் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும் இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் நின்றவர்கள் அவர்கள். நம் ஊரில் வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறு கட்டுகிறோம். ஏழாம் மாதத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறவளிடம் மேஸ்திரி ‘பாத்து தூக்கும்மா’ என்கிறார். அவளுக்குக் கிடைத்த மகப்பேறு நலத்திட்டம் அதுதான்.

இனி ஆற்றுக்கு வருவோம். திருச்சியில் எதைப் பேசினாலும் ஆற்றுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. நூறு வருடத்துக்கு மேலாகத் தமிழ்நாடு பார்த்திராத பொய்ப்பு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசே அறிவித்தது. திருச்சி அய்யாக்கண்ணு விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு டெல்லி ஜந்தர் மந்தருக்குப் போனார். மண்டையோட்டோடு உட்கார்ந்தார்கள், எலியை வாயில் கவ்வினார்கள், 41 நாள் இருந்தார்கள். நாடகம் என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். நாடகம்தான், பார்க்க வேண்டியவர் வரவில்லை. அந்த வருடமே உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு, வறட்சியால் எந்த விவசாயியும் உயிரை மாய்த்துக்கொள்ளவில்லை, சொந்தக் காரணங்கள்தான் என்று சொன்னது. ஆக, மாநிலம் முழுக்க வறட்சி இருந்தது, அதனால் ஒருவரும் சாகவில்லை. கடனும் பசியும் சொந்தம்தான், மறுப்பதற்கில்லை. அவர்களுக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் வேறு யாரும் இல்லை.

அந்த ஆடிப் பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில் மணல்தான் ஓடிற்று. பக்தர்கள் நனைய ஷவர் அமைத்துக் கொடுத்தார்கள். செப்டம்பரில் காவிரி மகா புஷ்கரம் வந்தது. மேட்டூரில் அதற்கென்று தண்ணீர் திறந்தார்கள். பெருமாளோடு எனக்கு வழக்கில்லை. ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். அவளிடம் எடுக்காமல் கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான். வழக்கு அதிகாரிகளோடு. ஜூன் 12-இல் குறுவைக்குத் திறக்க அணையில் தண்ணீர் இல்லை என்பது உண்மை. செப்டம்பரில் வந்த தண்ணீர் முதலில் எதற்குப் போனது என்பதும் உண்மை. சம்பாவுக்கு அக்டோபரில்தான் மதகு திறந்தது. முழுக்குப் போடுகிறவருக்கு முகூர்த்தம் தவறக் கூடாது. நாற்று விடுகிறவருக்குப் பருவம் தவறினால் அவர் பாவம் செய்தவர்.

மறு வருடம் ஆறு திரும்பி வந்தது. 2018 ஆகஸ்ட்டில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கியது, வயதாகிவிட்டது என்றார்கள். வயதானவர் விழுந்தது சரி, காலுக்கு அடியில் தரையைத் தோண்டியவர் யார் என்று கேட்டால் எல்லாருக்கும் இருமல் வந்துவிடும். தமிழ்நாட்டில் 28 மணல் குவாரிகளை ஆராய்ந்ததாக அமலாக்கத் துறை பின்னாளில் ஒரு கணக்குச் சொன்னது: அள்ளிய மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய், அரசுக்கு வருவாய் என்று எழுதியது 36.45 கோடி. அமலாக்கத் துறை யாருடைய சாட்டை என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் ஆற்றிலுள்ள பள்ளம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எந்த ஆட்சியிலும் அது ஆழமாகிக்கொண்டே போனது. ஆறு இறங்கினால் நிலத்தடி நீரும் இறங்கும். அடுக்ககத்துக்காரர் இன்னும் நூறு அடி துளை போடுவார். தெருக் குழாயை நம்பியவருக்குக் குடம்தான் ஆழம்.

2024-இல் வறண்ட ஆறு, வெள்ளம் இரண்டையும் ஒரே வருடத்தில் பார்த்தோம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. ஜூலைக் கடைசியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் வானம் பிளந்தது. ஜூலை 30-இல் அணை 120 அடியைத் தொட்டது. அதே ஜூலை 30 அதிகாலையில்தான் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் தூக்கத்திலேயே புதைந்தார்கள். அந்த மழையைப் புவி வெப்பம் ஏறத்தாழ 10 சதவீதம் கனமாக்கியது என்று உலக வானிலை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இங்கே இரண்டு நாளில் கொள்ளிடம் கரை தொட்டு ஓடியது. ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் ஒன்று சாய்ந்து விழுந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கரையோர மக்களைப் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொன்னார்கள், கூடவே செல்ஃபி எடுக்க வேண்டாம் என்றும். இரண்டும் இரண்டு ஜனங்களுக்கான அறிவிப்பு. முதலாவது பாயும் பாத்திரமுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்களுக்கு. அடுத்தது காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி வெள்ளம் பார்க்க வந்தவர்களுக்கு. பள்ளத்தில் யார் குடியிருப்பது என்பதை இந்த நாட்டில் மண் முடிவு செய்வதில்லை. மேட்டை எடுத்துக்கொண்டவர்கள் மிச்சத்தைச் சேரி என்றார்கள். தண்ணீர் அந்தப் பழைய வரைபடத்தைப் பார்த்துத்தான் வருகிறது.

திருவானைக்காவைத் தாண்டி உத்தமர்சீலி, கிளிக்கூடு, பனையபுரம் வரை தீவு முழுக்க வாழை. 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கே வாழை நின்றபடியே மூழ்கியது. வாழைக்கு நாலு நாள் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும்; வெளியே பச்சையாக நிற்கும், தொட்டால் சாயும். நட்டவர் குத்தகைக்காரர். நிலம் வேறொருவர் பெயரில் இருக்கிறது, பல இடங்களில் சாமி பெயரில். அடங்கலில் பெயரில்லாதவருக்கு நிவாரணத்திலும் பெயரில்லை. பாதிப்பு 33 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்ற விதியும் உண்டு. முப்பத்திரண்டு சதவீதம் அழிந்தவர், ஆறு இன்னும் கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாம் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நெல் பயிரிட்டவர் கதை ஈரப்பதமானிக்கு முன்னால் நடக்கிறது. அறுவடை நேரத்தில் மழை பெய்வது இப்போது வழக்கமாகிவிட்டது, ஆனால் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்பது வேதவாக்கு. தளர்த்தச் சொல்லிச் சென்னையிலிருந்து கடிதம் போகும். டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லைக் கையில் அள்ளி, முகர்ந்து, மாதிரி எடுத்துக்கொண்டு போகும். குழு திரும்புவதற்குள் சாலையில் கொட்டிய நெல் முளை விட்டிருக்கும். முளைத்த நெல்லுக்கு ஈரப்பதம் பார்ப்பதில்லை, அந்த வகையில் பிரச்சினை தீர்ந்தது.

ஊரின் குப்பை முழுக்கப் போய்ச் சேர்ந்த அரியமங்கலம் கிடங்கு 47 ஏக்கருக்கு மேல். பல கோடி செலவில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிறார்கள். கோடைக்குக் கோடை அது தீப்பிடிக்கும். மக்கும் குப்பையிலிருந்து வரும் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயு என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அம்பிகாபுரத்துப் பிள்ளைகள் அதைச் செய்முறைத் தேர்வாகவே எழுதுகிறார்கள். அந்தக் குப்பையில் அவர்கள் வீட்டுப் பங்கு எவ்வளவு இருக்கும்? குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையும் தெர்மாகோலும் எந்தத் தெருவிலிருந்து வந்தவை? குடியிருக்கும் இடத்திலும் இதே கணக்குதான். வெள்ளம் வந்ததும் வாய்க்கால் ஆக்கிரமிப்பு ஞாபகம் வரும், உய்யக்கொண்டான் கரைக் குடிசைகளுக்கு நோட்டீஸ் வரும். சென்னையில் நுங்கம்பாக்கம் ஏரியில் கட்டிய வள்ளுவர் கோட்டத்துக்கு எவரும் நோட்டீஸ் ஒட்டியதில்லை. அரசு நீருக்குள் இறங்கினால் நினைவுச் சின்னம், ஏழை கரையில் ஒண்டினால் ஆக்கிரமிப்பு.

உலக அளவில் கணக்கு இன்னும் அழகு. பணக்காரப் பத்து சதவீதத்தினர்தான் உலகின் கரிவாயுவில் ஏறத்தாழ பாதியை வெளியிடுகிறார்கள். ஏழைப் பாதி ஜனத்தின் பங்கு பத்து சதவீதம் என்று ஆக்ஸ்ஃபாம் 2015-இல் சொன்னது. 2023-இல் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அபுதாபி எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். நாமும் சளைத்தவர்கள் இல்லை. இங்கே காலநிலைக்கென்று ஓர் அரசு கம்பெனியே இருக்கிறது. முதலமைச்சர் தலைமையில் 2022-இல் அமைத்த உயர்மட்டக் குழுவில் மாண்டேக் சிங் அலுவாலியா இருந்தார், நந்தன் நிலேகனி இருந்தார், நார்வேயிலிருந்து எரிக் சோல்ஹைம் இருந்தார். அறிஞர்கள்தான், மறுக்கவில்லை. காலநிலையைத் தோலில் படித்தவர் ஒருவர், ஒரு நாற்று நடுகிற அம்மாவோ ஒரு தார் ஊற்றுகிறவரோ, அந்தப் பட்டியலில் இல்லை. நார்வேயில் ஆள் கிடைத்தது, நாகமங்கலத்தில் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு விசித்திரத்தைக் கேளுங்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் தினந்தோறும் வளைகுடாவுக்குப் பறக்கிறார்கள். போய் இறங்கினால், அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. மீறும் முதலாளிக்கு அபராதம். கத்தாரில் காலை 10-லிருந்து 3.30 வரை தடை. அந்த நாடுகள் தொழிலாளியைத் தலையில் வைத்துக் கூத்தாடுகின்றன என்று யாரும் எண்ண வேண்டாம். அங்கிருந்து வந்த சவப்பெட்டிகளையும் இதே விமான நிலையம் பார்த்திருக்கிறது. ஆனாலும் ஷேக்குக்கு எழுதத் தெரிந்த ஒரு வரி, ஆண்டுதோறும் நிலைக்கும் விதியாக நமக்கு எழுத வரவில்லை. அவ்வளவு தூரம்கூட வேண்டாம், வாளையாறு தாண்டினால் போதும். கேரளத்தில் தொழிலாளர் ஆணையர் கோடைதோறும் 12-லிருந்து 3 வரை வெயிலில் வேலை நிறுத்தச் சொல்லி உத்தரவு போடுகிறார். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதினால் போதும். பார்த்து எழுதுவது நம் அலுவலகங்களுக்குப் புதிய வித்தையா?

எழுத மாட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குக் கூலி பிடிக்காமல் வேலையை நிறுத்தினால் ஒப்பந்தக்காரர் முகம் வாடும். அவர் முகம் வாடினால் பலருடைய முகம் வாடும். வெயிலால் 2030-இல் இந்தியா இழக்கப்போகும் வேலை நேரம் 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. அந்த நஷ்டத்தை முதலாளி தாங்குவதா, கூலியாள் உடம்பு தாங்குவதா என்பதுதான் பாக்கி. பதில் ஏற்கெனவே அமலில் இருக்கிறது, அரசாணை எண் இல்லாமல்.

ஆகவே சங்கத்துத் தோழர்களுக்கு ஒரு யோசனை. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். நண்பகல் ஓய்வு கேட்டு மனு கொடுங்கள். மேல்நடவடிக்கைக்கு அனுப்பியதாக ரசீது தருவார்கள். அதோடு திரும்பிவிடாதீர்கள். மனு மீதான விசாரணையைத் துறை அதிகாரிகள் அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள், பகல் ஒரு மணிக்கு, வெங்காய மண்டி வாசலில் வைத்து நடத்த வேண்டும் என்று இன்னொரு மனு கொடுங்கள். பந்தல் கூடாது, நாற்காலி கூடாது, மினரல் வாட்டர் பாட்டில் கூடாது. அந்த நேரத்தில் அங்கே மனிதர் நிற்க முடியுமா என்று யாராவது ஓர் அதிகாரி கேட்பார். கேட்டதும் சண்டை போடாதீர்கள். அதை அப்படியே எழுதி, தேதி போட்டு, அலுவலக முத்திரையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.